அடி தெரியாத வாசற்கால்

கல்லூரிக்குள் நான் மொத்தம் மூன்று தடவைதான் போயிருக்கிறேன். இரண்டு தடவை பால் ஊற்ற, ஒரு தடவை சண்டை போட. அப்படியிருந்தும், அங்கே தச்சு வேலை படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டட மேலாண்மை என்று ஒரு சான்றிதழ் வந்ததே, அதில் பாதி என் வாயிலிருந்து வந்தது. மீதிப் பாதி என் வீட்டு வாசலிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் கிழவிக்குப் பெருமை என்பார்கள். பெருமைதான். பெருமைப்படுகிற மாதிரி ஒரு காரியம் நடந்தால் வேறு என்ன செய்வது?

அப்போது நாங்கள் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் வேலை செய்தார். நான் ஐந்து மாடு வைத்துப் பால் ஊற்றினேன். சுற்றிலும் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். எல்லாரும் தியானம் செய்ய வந்தவர்கள். ஆனால் பால் கொஞ்சம் தாமதமானால் தியானம் எல்லாம் பறந்துவிடும். சாமிக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள், சொம்புப் பாலுக்கு மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஓர் அறையில் அந்த வாத்தியார் இருந்தார். கல்லூரியில் தச்சுப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறவர். முப்பது வயது இருக்கும். வேலை நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் பெரியவர்கள் மனம் வைத்து நீட்டித்துக் கொடுத்தால் உண்டு. அவருக்கு ஒரு பித்து. தச்சு படித்தவன் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்துவிட்டு, அடுத்தவன் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, ஒரு வீட்டையே முன்னால் நின்று கட்டி முடிக்கத் தெரிய வேண்டும் என்பார். எந்த நாளில் செங்கல் வர வேண்டும், யாருக்கு முன்னால் யாரைக் கூப்பிட வேண்டும், ஒருவன் வராவிட்டால் அன்றைக்கு என்ன வேலை பார்ப்பது, இதையெல்லாம் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்துக் கையில் ஒரு தாளும் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலையில் பால் ஊற்றப் போனபோது, பழுப்புத் தாள் ஒன்றைத் தரை முழுக்க விரித்து வைத்திருந்தார். தாளெல்லாம் கட்டம். ஒரு கட்டம் ஒரு நாள் என்றார். அஸ்திவாரம் இந்தக் கட்டம், சுவர் இந்தக் கட்டம் என்று விரலால் ஓட்டிக்கொண்டே போனார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் மாதம் தெரியும். கல்யாணமான புதிதில் நான்கு வருஷம் சித்தாளாகக் கல் சுமந்தவள் நான், வேலையும் தெரியும். கார்த்திகை எங்கே என்று கேட்டேன். காட்டினார். மேல்தளம் போடுகிற நாள் சரியாகத் தீபத்தன்று வந்து விழுந்திருந்தது.

“இன்னா சார், தீபத்தன்னிக்கு மேல்தளம் போடறீங்க?”

“ஏம்மா, நல்ல நாள்தானே?”

“நாளு நல்ல நாளுதான். மலைய சுத்த வர்ற கூட்டத்துல சிமெண்ட் மூட்டைய எது மேல ஏத்திக்கினு வருவீங்க, கோயில் யானை மேலயா?”

அவர் சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்து அழித்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான். படித்தவர்களில் அழிக்கிறவர்கள் கம்மி.

அப்புறம் அமாவாசையைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் கொத்தனாரும் தச்சரும் அமாவாசையன்று கருவியைத் தொட மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வேலை செய்வார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விடுமுறை விட்டு, அமாவாசைகளில் எல்லாம் வேலை வைத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் பாலோடு ஒரு கேள்விக்குப் பதிலும் ஊற்றினேன். கொத்தனார் ‘நாளைக்கு’ என்றால் நாளை மறுநாள். ‘கண்டிப்பா நாளைக்கு’ என்றால் அடுத்த வாரம். தாய்மாமன் செத்துவிட்டார் என்று ஒரு சித்தாள் வராவிட்டால், எத்தனை தாய்மாமன் இதுவரை செத்திருக்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பாடத்தில் அதை எந்த இங்கிலீஷில் எழுதினாரோ, எனக்குத் தெரியாது.

கடைசியில் மெட்ராசிலிருந்து பதில் வந்தது. படிப்பை நடத்தலாம், ஒரு நிபந்தனை. முதல் வருஷப் பிள்ளைகள் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு நிஜ வீட்டை அஸ்திவாரத்திலிருந்து வாசற்கால் வரை முன்னால் நின்று கட்டி முடிக்க வேண்டும். தை மாதம் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். வீடு குறித்த நாளில் முடிந்தது, திருப்தி என்று வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு கிடையாது. படிப்பு இல்லாவிட்டால் பதினோரு பேருக்கும் ஒரு வருஷம் வீண், வாத்தியாருக்கு வேலையும் கிடையாது.

ஊரில் எவன் தன் வீட்டைப் பிள்ளைகள் பழகுவதற்குக் கொடுப்பான்? வாத்தியார் கேட்ட இடமெல்லாம் காபி கொடுத்து அனுப்பினார்கள். எங்களுக்கு வேங்கிக்காலில் ஒரு மனை இருந்தது. அப்போது அங்கே கலெக்டர் ஆபீசும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மனை வாங்கினோம் என்றதும் நரிக்குப் பக்கத்து வீடா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பிள்ளைகளிடம் வீட்டைக் கொடுக்கலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீ முடிவு பண்ணிட்டுத்தான கேக்கற” என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னைப் புரிந்துகொண்டு பேசிய வாக்கியங்களில் அது ஒன்று.

வாத்தியாரிடம் சொன்னேன். கட்டுங்கள், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் மேல்தளம் வந்துவிட வேண்டும், எனக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், அழுதாலும் போட மாட்டேன் என்று. அவர் சரி என்றார். சந்து முழுக்க நான் பறைசாற்றிவிட்டேன், என் வீட்டைக் கல்லூரியே கட்டுகிறது என்று. பிரிட்டிஷ்காரன் கோட்டை கட்டுகிற மாதிரி பேசினேன் என்று பிறகு ஒருத்தி சொன்னாள்.

அவர்களுடைய வழக்கம் இப்படி. வாரத்துக்கு ஒரு பிள்ளை மேஸ்திரி. அந்த வாரம் அவன் சொன்னால் மற்ற பத்துப் பேரும் கேட்க வேண்டும், கொத்தனாரையும் சித்தாளையும் அவன்தான் மேய்க்க வேண்டும். சாயங்காலம் அன்றைக்கு நடந்ததை டைரியில் எழுத வேண்டும். வாரம் முடிந்தால் டைரி அடுத்தவன் கைக்குப் போகும். முதல் வாரத்து மேஸ்திரி, கொத்தனாரை ‘ஐயா, தயவுசெய்து’ என்று கூப்பிட்டான். கொத்தனார் அன்றைக்கு நான்கு தடவை டீ குடிக்கப் போனார். இரண்டாம் வாரத்துக்காரன் அதட்டினான். கொத்தனார் வீட்டுக்கே போய்விட்டார். மூன்றாம் வாரத்துக்காரன்தான் கொத்தனாருக்கு முன்னாலேயே போய் டீயை வாங்கிக்கொண்டு வந்து வேலை இடத்தில் வைத்தான். இதற்கு மேல் மேலாண்மை என்ன இருக்கிறது?

சும்மா சொல்லக் கூடாது, மேல்தளம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே போட்டார்கள். மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாக்கி இருந்தது வாசற்கால். வழக்கமாக அடித்தளம் எழும்பியதும் வாசற்காலை நிறுத்திவிட்டுத்தான் சுவர் எழுப்புவார்கள். எங்கள் மரம் ஈரம் காயாததால் சுவரில் இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். மரம் என் பிறந்த வீட்டு மரம். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் கொல்லையில் நின்ற வேம்பு. அதை வெட்டிக் கொடுத்த நாளிலிருந்து என் அண்ணி, நான் அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன மாதிரி என்னைப் பார்த்தாள். நிழல் போச்சு, நிழல் போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மரத்தின் நிழலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மார்கழியில் வாசற்கால் வைக்க மாட்டார்கள். தை பிறந்து நல்ல நாள் பார்த்தோம். அதிகாரி வருவதற்கு நான்கு நாள் இருந்தது. காலையில் பிள்ளைகள் வாசற்காலின் இரண்டு நிலைக்காலையும் கல்லூரிப் பட்டறையிலிருந்து தோளில் சுமந்து வந்தார்கள். இழைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி இருந்தது. மஞ்சள் பூச வேண்டியதுதான் பாக்கி. நான் மஞ்சள் கிண்ணத்தோடு போய், எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“அடி எது, நுனி எது?”

குனிந்து இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

மரம் நிற்கும்போது வேர்ப்பக்கம் எதுவோ அதுதான் வாசற்காலிலும் கீழே வர வேண்டும். நுனி கீழே போனால் மரம் தலைகீழாக நிற்கிறது என்று அர்த்தம். வீடு விளங்காது என்பார்கள். தச்சர்கள் அறுக்கும்போதே அடிப்பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்து மேஸ்திரி சாக்குக்கட்டியால் குறி போட்டு, டைரியில் ‘நிலைக்கால் அறுத்தாயிற்று’ என்று மட்டும் எழுதிவிட்டான். அடுத்த வாரத்து மேஸ்திரி, நெட்டையாக ஒரு பிள்ளை, குறி இருப்பது தெரியாமல், பெயின்ட் அடி என்று கட்டளை போட்டு விட்டான். பத்துப் பேர் கை வைத்து இழைத்து, இரண்டு கோட்டு அடித்திருக்கிறார்கள். முந்தின வாரம் குறி போட்டவனும் அதில் ஒருவன். ஏன் சொல்லவில்லை என்றால், நான்தான் இப்போது மேஸ்திரி இல்லையே என்றான். இரண்டு காலும் ஒரே மரத்தை இரண்டாக அறுத்தது. எது எப்படி நிற்கிறது என்று இனி அந்த மரத்தைக் கேட்டால்தான் உண்டு.

வாத்தியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பொறுமையாகப் பேசினார்.

“அறுத்துட்ட மரத்துக்குத் தல ஏது, கால் ஏதும்மா?”

“எனக்குத் தெரியும் சார். எங்க அண்ணிக்குத் தெரியாதே. நாளைக்கு என் மாடு சினை பிடிக்கலன்னா, எங்க ஊட்டுக்காரரு வழுக்கி விழுந்தா, எல்லாத்துக்கும் இந்த வாசக்காலத்தான் காட்டுவா. சாவற வரைக்கும் காட்டுவா.”

அதுதான் நிஜம். எனக்கு இந்தச் சாத்திரத்தில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. மலையே தலைகீழாக நின்றாலும் மாட்டுக்குத் தீனி வைத்தால்தான் பால் வரும். ஆனால் ஜனங்களுடைய வாய் இருக்கிறதே, அதற்குத் தூண் கொடுத்துவிட்டால் மாளிகையே கட்டிவிடுவார்கள்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். மரத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அடிப்பக்கம் கனம், கொஞ்சம் அமிழும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஊர் ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. பதினோரு பேரும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள், நான் மஞ்சள் கிண்ணத்தோடு பின்னால் போனேன். பாதி வேங்கிக்கால் எங்கள் பின்னால் வந்தது. முதல் காலை விட்டார்கள். தட்டையாக மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. அடியும் அமிழவில்லை, நுனியும் அமிழவில்லை. காற்று வேறு அடித்து, ஒன்று நடு ஏரியை நோக்கிக் கிளம்பிவிட்டது. நெட்டைப் பிள்ளை சட்டையோடு குதித்து அதைப் பிடித்து வந்தான். “வாசக்காலுக்குத் தெப்பம் வுட்டது நீதாம்மே” என்று கரையிலிருந்து ஒரு பெரியவர் சொன்னார். இன்றுவரை அந்தப் பேர் போகவில்லை.

கரைக்கு வந்த பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கணுவைப் பார் என்றார் ஒருவர். வாசனை பார் என்றார் இன்னொருவர். இரண்டு பேர் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு முனையைக் காட்டினார்கள். நல்ல நேரம் முடிந்துவிட்டது.

வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போதைக்கு இதையே நிறுத்திவிடலாம், அதிகாரி வந்து போகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பால் ஊற்றுகிற இடமெல்லாம் நான் அடித்த தம்பட்டம் வேறு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரும், பசங்க பாவம், கையெழுத்தைப் போட்டு விடேன் என்றார். ஒரு நிமிஷம் போட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் நிறுத்திய வாசற்காலை அப்புறம் பெயர்த்தால் அதற்கும் ஒரு பேர் வரும். முடியாது என்றேன்.

அந்த நெட்டைப் பிள்ளை தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். அந்த வாரம் மேஸ்திரி அவன்தான்.

“புதுசா செஞ்சு வக்கிறோம்மா. தேதிக்கு முடியாது. ஆனா செஞ்சு வக்கிறோம்.”

“மரத்துக்கு எங்கடா போவ?”

“உங்க அண்ணி வூட்டுக்கு.”

அண்ணன் வீட்டுக் கிணற்றோரம் இரண்டு வருஷமாக ஒரு வேப்பந்துண்டு வெட்டிப் போட்டுக் காய்ந்து கிடந்தது. அது அங்கே இருப்பதை, முதல் மரம் ஏற்றப் போனபோதே அவன் பார்த்து டைரியில் எழுதி வைத்திருக்கிறான். நான் போய்க் கேட்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என் தலை அந்த வீட்டு வாசலில் குனியாது. அதனால் அவர்களே ஐந்து பேர் பஸ் ஏறிப் போனார்கள்.

அண்ணி சும்மா கொடுப்பாளா? மாட்டுக் கொட்டகைப் படல் ஆடுகிறது, சரி செய் என்றாளாம். செய்தார்கள். பரண் ஏணிக்கு இரண்டு படி இல்லை என்றாளாம். அதையும் போட்டார்கள். தொட்டில் கட்டுகிற சட்டம் வரைக்கும் செய்து வாங்கிக்கொண்டுதான் மரத்தை விட்டாள். இரண்டு நாள் அதிலேயே போயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு முட்டைக் குழம்பு ஊற்றினாளாம். எனக்கு இருபது வருஷத்தில் ஒரு தடவை ஊற்றியதில்லை.

அதிகாரி வந்தபோது மரம் அறுத்து முடித்து இழைப்புக்குப் போயிருந்தது. வீட்டு முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பொந்து, அதில் கோணிச்சாக்கு தொங்கியது. வெள்ளைச் சட்டை போட்ட, நடு வயது மனிதர். வீட்டைச் சுற்றி வந்தார், மேல்தளம் ஏறிப் பார்த்தார், கோணியைத் தூக்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நெட்டைப் பிள்ளை நடந்ததைச் சொன்னான், குறி போட்டதிலிருந்து அண்ணி வீட்டு ஏணி வரை.

“பழசையே நிறுத்தியிருந்தா எனக்கு எப்படிய்யா தெரியும்?” என்றார் அதிகாரி.

“அம்மா கையெழுத்துப் போட மாட்டாங்க சார்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி ஒரு தாளை எடுத்து, இதைப் போட முடியுமா என்று என்னிடம் நீட்டினார். நான் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘வீடு குறித்த நாளில் முழுமையாக முடிந்தது. எனக்குத் திருப்தி.’

பின்பாதி சரி, முன்பாதி பொய் என்றேன். முன்பாதியை அடித்துவிட்டுக் கொடுத்தால் போடுகிறேன் என்றேன். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். முன்பாதி இல்லாவிட்டால் தாள் செல்லாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதினோரு பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு போட்டுத் தொலைக்கலாமே என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. ஆனால் கை நீளவில்லை.

அதிகாரி டைரியைக் கேட்டார். நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்தார். ‘குறியின் மேல் பெயின்ட் அடித்துவிட்டோம். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏரியில் விட்டோம். பயனில்லை.’ டைரியை மூடினார்.

“இந்த வருஷம் நாலு ஊர் பார்த்துட்டேன்மா. எல்லா வீடும் தேதிக்கு முடிஞ்சிருக்கு, தாள்ல. ரெண்டு வீட்டைக் கண்ணுலயே காட்டல.”

பதினோரு தாளிலும் முன்பாதியை அவரே பேனாவால் அடித்தார். பக்கத்தில் ஏதோ எழுதிக் கீழே அவர் கையெழுத்தைப் போட்டார். வாசற்கால் நிற்க இன்னும் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறேன், நின்ற பிறகு உங்கள் கையெழுத்தோடு தபாலில் அனுப்புங்கள் என்றார். அப்புறம் வாத்தியாரிடம், வாரம் மாறும்போது பழைய மேஸ்திரியும் புது மேஸ்திரியும் சேர்ந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி சேருங்கள் என்றார். சேர்த்தார்கள். அது இன்னும் இருக்கிறதாம்.

தைக் கடைசியில் வாசற்கால் நின்றது. அடிப்பக்கத்தில் உளியால் விரல் ஆழத்துக்குக் கொத்தி வைத்திருந்தார்கள், பத்துக் கோட்டு அடித்தாலும் மறையாத மாதிரி. அண்ணி வந்திருந்தாள். குனிந்து அந்தக் குறியைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காத ஒரே நாள் அது.

கற்பூரம் அணைந்ததும், பிள்ளைகள் பதினோரு தாளையும் புதுத் தரையில் வரிசையாக வைத்தார்கள். என் கையெழுத்து ஐந்து எழுத்து. ஒவ்வொன்றாகத்தான் வரும். பாதியிலேயே விரல் மரத்துவிட்டது. சமையலுக்கு நேரமாகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் பிள்ளை எனக்கு எதிரில் குந்தி உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடைசித் தாள் நெட்டைப் பிள்ளையுடையது. அதில் கடைசி எழுத்து கோணிக்கொண்டு தாளின் ஓரம் வரைக்கும் ஓடிவிட்டது. வேறு தாள் கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

ஒன்றும் வேண்டாம், மை காயட்டும் என்றேன்.